ஆரின்ர வலது? உடம்புக்குத் திசை சொல்லப் பழகிறது

என்ர முதலாவது ஸ்பொட் ரெஸ்ற்றில மூண்டாவது மேசையில ஒரு இதயம் வச்சிருந்தவை, அதில சின்னக் கொடி ஒண்டு குத்திக் கிடந்தது, எந்த அறை எண்டு எழுத வேணும், வடிவா யோசிக்க முதல் மணி அடிச்சிடும். கொடி என்ர இடக்கைப் பக்கமா நிண்டது, நானும் இட இதயவறை எண்டு எழுதிப்போட்டு அடுத்த மேசைக்கு ஓடிட்டன். வெளியில வந்து விறாந்தையில நிண்டு கதைக்கேக்கதான் தெரிஞ்சுது அது வல இதயவறை. ஏ.எல்.லில இதயத்தை அக்குவேறு ஆணிவேறாப் படிச்சனான், கண்ணை மூடிக்கொண்டு படம் கீறுவன், ஆனா இடது எண்டா ஆரின்ர இடது எண்டு ஒருநாளும் யோசிச்சதில்லை.

ஏ.எல். பயோவை தமிழில செய்திட்டு இப்ப மெடிசின், நேர்சிங், பிசியோ, ரேடியோகிறாபி, சூவொலொஜி எண்டு போய் முதல் கிழமையிலேயே மீடியல் லற்றறல் டோர்சல் டிஸ்ரல் எண்டு காது நிறையக் கேட்டு முழிச்சுக்கொண்டிருக்கிற தம்பி தங்கச்சியவைக்காகத்தான் இதை எழுதிறன். எல்லாரும் முதல் செய்யிற வேலை இந்தத் திசைச் சொல்லுகளின்ர பட்டியலை எழுதிச் சுவரில ஒட்டிறது. அதைக் கடைசிக்கு விடுங்கோ. முதல்ல பழக வேண்டியது வேற.

நல்லூர்க் கோயிலை நினைச்சுக்கொள்ளுங்கோ. கிழக்கு வாசல். நாலு பக்கமும் நாலு வீதி, நீங்கள் எந்தப் பக்கத்தால வந்தாலும், நேராய் வந்தாலும் சுத்திக்கொண்டு வந்தாலும், வடக்கு வீதி வடக்கு வீதிதான், அது நடக்கிற ஆளைப் பாத்து மாறாது. இப்ப முன்வாசலில சாமியைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ. உங்கட முகம் மேற்கை பாக்குது, உங்கட வலக்கைப் பக்கம் வடக்கு வீதி. ஆனா சாமி கிழக்கை பாத்தபடி, அவருக்கு வடக்கு வீதி இடப்பக்கம். அனற்றமியில, அதாவது உடம்பின்ர அமைப்பைப் படிக்கிற பாடத்தில, எல்லாம் சாமியின்ர கணக்கு, கும்பிடப் போன எங்கட கணக்கு இல்லை. நோயாளியின்ர வலதுதான் வலது, மேசையில கிடக்கிற இதயத்துக்கு அந்த இதயத்தின்ர சொந்தக்காரரின்ர வலதுதான் வலது. இது மண்டைக்குள்ள ஏறினா பாதி வேலை முடிஞ்சுது.

வாழையிலை போடேக்கயும் உதேதான், நுனி இடப்பக்கம் வர வேணும் எண்டா சாப்பிடுற ஆளின்ர இடப்பக்கம், பந்தி பரிமாற முன்னுக்கு நிக்கிற ஆளின்ரதில்லை. கலியாண வீட்டில முதல்தரம் இலை போடப் போன பெடியள் எல்லாரும் ஒருக்கா பிழை விட்டு மாமாமாரிட்ட ஏச்சு வாங்கியிருப்பினம்.

ரெண்டாவது வேலை, எழும்பி நில்லுங்கோ. உண்மையாத்தான். நேரா நிமிந்து, முகமும் கண்ணும் முன்னுக்கு, காலை சேத்து பாதம் முன்னுக்குப் பாக்க, கையை ரெண்டு பக்கமும் தொங்கவிட்டு உள்ளங்கையை முன்னுக்குத் திருப்புங்கோ, பெருவிரல் வெளிப்பக்கம் பாக்க வேணும். அந்த உள்ளங்கை விசயத்தைத்தான் எல்லாரும் மறக்கிறது, ஏனெண்டா சும்மா நிக்கேக்க ஆரும் அப்பிடி நிக்கிறதில்லை. இதுக்குப் பேர் அனற்றமிக்கல் பொசிசன். ஆள் கட்டிலில கிடந்தாலும், குப்புறக் கிடந்தாலும், மாமரத்தில தலைகீழாத் தொங்கினாலும், நாங்கள் மனசுக்குள்ள அவரை எழுப்பி இப்பிடி நிப்பாட்டிப்போட்டுத்தான் சொல்லைத் தேட வேணும். கட்டிலில மல்லாக்கக் கிடக்கிற ஆளின்ர நெஞ்சு வானத்தைப் பாக்குது எண்டதுக்காக அது சுப்பீரியர் (தலைப்பக்கம்) ஆகாது, அன்ரீரியர் (முன்பக்கம்) தான்.

இனிச் சொற்கள். எல்லாம் சோடி சோடியா வரும், மாமியார் மருமகள் மாதிரி, ஒண்டில்லாம மற்றதுக்கு அர்த்தமில்லை. தலைப்பக்கம் சுப்பீரியர், கால்ப்பக்கம் இன்பீரியர். முன்பக்கம் அன்ரீரியர், பின்பக்கம் போஸ்ரீரியர், பள்ளிக்கூடத்தில முற்புறம் பிற்புறம் எண்டு படிச்சதுதான். உச்சந்தலையில இருந்து மூக்கு, தொப்புளால கீழுக்கு ஒரு கோடு இழுங்கோ, அந்தக் கோட்டுக்குக் கிட்ட எண்டா மீடியல், தள்ளி எண்டா லற்றறல். கண் மூக்குக்கு லற்றறல், காதுக்கு மீடியல். இதில கவனியுங்கோ, ஒரே கண் ஒண்டுக்கு லற்றறல் மற்றதுக்கு மீடியல். ஒரு உறுப்பு தன்ர பாட்டில மீடியல் எண்டு இருக்கிறதில்லை, எப்பவும் "எதுக்கு?" எண்டு கேக்க வேணும். சோதினையில "இதயம் மீடியல்" எண்டு மட்டும் எழுதினா அரைகுறை, நுரையீரலுக்கு மீடியல் எண்டு முடிக்க வேணும்.

புறொக்சிமல் டிஸ்ரல் ரெண்டும் உங்களுக்குத் தெரியாத சொல்லு எண்டு நினைக்காதேங்கோ. சிறுநீரகத்தியில அண்மை மடிந்த குழாய், சேய்மை மடிந்த குழாய் எண்டு கத்திக் கத்திப் பாடமாக்கினது ஞாபகம் இருக்கோ? அண்மைதான் புறொக்சிமல், சேய்மைதான் டிஸ்ரல். கைகாலில எண்டா உடம்போட ஒட்டின இடத்துக்குக் கிட்ட புறொக்சிமல், விரல் நுனிக்குக் கிட்ட டிஸ்ரல். மணிக்கட்டு முழங்கைக்கு டிஸ்ரல். குடல் மாதிரிக் குழாய் சாமானில தொடக்கத்துக்குக் கிட்ட எண்டது புறொக்சிமல். தமிழில படிச்சதாலதான் கஸ்ரம் எண்டு கனபேர் சொல்லுவினம், எனக்கெண்டா மறுவளம், அண்மை சேய்மை எண்டு சொல்லேக்க சொல்லே அர்த்தத்தைச் சொல்லிப்போடுது, லத்தீன்காரன்தான் பாவம்.

(இடையில ஒரு கதை. 1847 இல யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில தமிழிலேயே மருத்துவம் படிப்பிச்சவர். அவற்ற காலத்தில அனற்றமிக்கு அங்காதிபாதம் எண்டு பேர். பழைய புலவர்மார் மனிசரைப் பாடினா தலைமயிரில தொடங்கிக் காலில முடிக்கிற கேசாதிபாதம், சாமியைப் பாடினா காலில தொடங்கி மேல போற பாதாதிகேசம். அதாவது ஒண்டு சுப்பீரியரில இருந்து இன்பீரியருக்கு, மற்றது மறுவளம்.)

தோலுக்குக் கிட்ட எண்டா சுப்பர்பிசியல், உள்ளுக்க எண்டா டீப். இதை மேல கீழ எண்டு எழுதாதேங்கோ, தோல் தசைக்கு "மேல" இருக்கு எண்டு நாங்கள் கதைக்கிறம், ஆனா எழுதேக்க மேல எண்டா தலைப்பக்கம். அதே பக்கம் இப்சிலற்றறல், எதிர்ப்பக்கம் கொன்றலற்றறல், மூளையில இடப்பக்கம் ஸ்ற்றோக் அடிச்சா உடம்பில வழமையா வலப்பக்கம் இழுக்கிறது எண்டது கொன்றலற்றறல். இது போதும், உந்த ரெண்டையும் கெதியா தாண்டிடலாம்.

கையிலதான் எல்லாரும் விழுகிறது, அதால கொஞ்சம் நிண்டு பாப்பம். முன்னங்கையில ரெண்டு எலும்பு, ஆரை, அரந்தி. உள்ளங்கை முன்னுக்குப் பாக்க நிண்டா ஆரை வெளிப்பக்கம், அதாவது லற்றறல், பெருவிரலோட சேந்து நிக்கும், அரந்தி சின்னி விரல் பக்கம், மீடியல். நாடி பிடிச்சுப் பாக்கிற இடம் மணிக்கட்டில பெருவிரல் பக்கம்தானே, அது ஆரைப் பக்கத்து நாடி, அப்ப அது லற்றறல். இப்ப உள்ளங்கையைப் பின்னுக்குத் திருப்புங்கோ, ஆரை அரந்திக்குக் குறுக்கால போய்ப் படுக்கும், பெருவிரல் தொடைப்பக்கம் வந்திடும். வந்தாலும் பெருவிரல் லற்றறல்தான். வீதி மாறாது.

உள்ளங்கை மேல பாக்கத் திருப்பிறது சுப்பினேசன், கீழ பாக்கத் திருப்பிறது புறொனேசன். எனக்கு இது எப்பவும் மாறும், பேந்து நானே ஒரு வழி கண்டுபிடிச்சன். கோயிலில தீர்த்தம் ஏந்திற கை, பிளாவில கூழ் வாங்கிற கை, அது சுப்பினேசன். வாங்கிற கை சு. விபூதி போட அடுத்தவரின்ர தலைக்கு மேல பிடிக்கிற கை மற்றது. ஆள் மல்லாக்கக் கிடந்தா சுப்பைன், குப்புறக் கிடந்தா புறோன், அதே குடும்பத்துச் சொல்லுதான்.

இப்ப குனிஞ்சு காலைப் பாருங்கோ. கையில பெருவிரல் லற்றறல், காலில பெருவிரல் மீடியல். ஏன்? தாயின்ர வயித்துக்குள்ள கருவா இருக்கேக்க கையும் காலும் மொட்டு மாதிரித்தான் பக்கவாட்டில வளரத் தொடங்குது, பேந்து கை வெளிப்பக்கமும் கால் உள்ப்பக்கமுமாத் திரும்பிடும். அதாலதான் முழங்கை பின்னுக்கும் முழங்கால் முன்னுக்கும் பாத்தபடி நிக்குது. இதை விளங்கிக்கொண்டா பாடமாக்கத் தேவையில்லை. அதுபோல காலின்ர மேல்ப்பக்கம் டோர்சல், செருப்பில படுற பக்கம் பிளாண்ரர், கையில உள்ளங்கை பாமர், புறங்கை டோர்சல். நாக்கிலயும் மேல்ப்பக்கம்தான் டோர்சல், இது சோதினைக்காரருக்கு மிச்சம் விருப்பமான கேள்வி.

சைக்கிளால விழுந்து கையை ஊண்டினா உடையுறது பெரும்பாலும் ஆரையின்ர டிஸ்ரல் முனை. உடைஞ்ச துண்டு டோர்சல் பக்கம் தள்ளுப்பட்டு, மணிக்கட்டு கவிட்டு வச்ச முள்ளுக்கரண்டி மாதிரி வளைஞ்சு நிக்கும். 1814 இல அயர்லாந்து டொக்டர் ஏபிரகாம் கொலிஸ் இதைப் பற்றி எழுதினவர், இண்டைக்கும் கொலிஸ் பிறக்சர் எண்டுதான் சொல்லுறது, அவர் எழுதேக்க எக்ஸ்றே எண்ட சாமானே இல்லை. டிஸ்ரல், டோர்சல், ஆரை எண்ட மூண்டு சொல்லையும் கேட்டவுடன உங்களுக்கு அந்தக் கை கண்ணுக்கு முன்னால வந்தா நீங்கள் பழகிட்டியள்.

அடுத்தது வெட்டுமுகம். இதுக்கு குசினிக்குப் போக வேணும், படத்தைப் பாத்து மண்டை காயிறதில அர்த்தமில்லை. அறக்குளா மீனை வட்டத் துண்டா வெட்டித் தருவினமே, அது ட்றான்ஸ்வேர்ஸ் வெட்டு. அந்தத் துண்டை ஒருக்கா கழுவ முதல் வடிவாப் பாருங்கோ. நடுவில முள்ளந்தண்டு வட்டமா, மேல்ப்பக்கம் தடிச்ச சதை, அது டோர்சல், கீழ குடல் இருந்த பொந்து, அது வென்ரறல், ரெண்டு பக்கமும் தோலுக்குக் கிட்ட கருஞ்சிவப்புச் சதை, அது லற்றறல். முள்ளந்தண்டுக்கு கீழ ஒட்டிக்கொண்டு ரத்தக்கட்டி மாதிரி ஒண்டு கிடக்கும், அம்மா விரலால சுரண்டி எறியிறது, அதுதான் மீனின்ர சிறுநீரகம். அதே மீனைக் கருவாட்டுக்கு நீளப்பாட்டுக்குப் பிளந்தா வலப்பாதி இடப்பாதி எண்டு ரெண்டா விரியும், அது சஜிற்றல் வெட்டு, லத்தீனில சஜிற்றா எண்டா அம்பு, முன்னால இருந்து பின்னால பாயிற அம்பு போற தளம் எண்டு வையுங்கோ. முன்பாதி பின்பாதி எண்டு பிரிக்கிறது கொறோனல், கொறோனா எண்டா முடி, கிரீடம், வைரசுக்கும் அதே பேர்தான். இதுக்கு மீன் உதவாது, தலையில ரெண்டு காதையும் சேத்து ஹெயார்பாண்ட் போடுற பிள்ளையைப் பாருங்கோ, அந்த வளையத்தால நேர கீழுக்கு வெட்டினா கொறோனல்.

மீன் சந்தைக்கு வந்தாச்சு, மிருகத்தையும் முடிச்சிடுவம். நாலு காலில நிக்கிற நாய்க்கு அன்ரீரியர் எண்டா மூக்குப் பக்கமோ நெஞ்சுப் பக்கமோ எண்டு குழப்பம் வரும் எண்டபடியால் வெற்றினறிக்காரர் கிறேனியல், கோடல் எண்டு சொல்லுவினம், எங்கட தலைமாடு, கால்மாடுதான், ஆனா கோடல் எண்டா சரியாச் சொன்னா வால்ப்பக்கம். முதுகுப்பக்கம் டோர்சல், வயித்துப்பக்கம் வென்ரறல். மனிசரில மேற்பெருநாளம் (தலை, கைப்பக்கத்து ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவாற குழாய்) எண்டுறதை நாயில கிறேனியல் எண்டு சேத்துச் சொல்லுறது, நாய்க்கு அது மேல இல்லை, முன்னுக்கு. பாதத்தையும் நாக்கையும் விட்டா மனிசரில டோர்சலும் போஸ்ரீரியரும் ஒண்டுதான், மூளைக்கு வரும் வரைக்கும். நாங்கள் எழும்பி நடக்கிறதால எங்கட மூளைத்தண்டுக்கு மேல நரம்புத் தொகுதி கிட்டத்தட்ட செங்கோணமா முன்னுக்கு மடியுது, அதால முண்ணாணில டோர்சல் எண்டா முதுகுப்பக்கம், பெருமூளையில டோர்சல் எண்டா உச்சந்தலைப் பக்கம். இதை முதல் வருசத்திலேயே ஆரும் சொல்லித் தந்திருந்தா எனக்கு ரெண்டு மாசம் மிச்சம்.

றால் உடைக்கேக்க முதுகைக் கீறி கறுப்பா நூல் மாதிரி ஒண்டை இழுத்து எறிவினம், சிலபேர் அதை நரம்பு எண்டுவினம். நரம்பில்லை, குடல். றாலுக்குக் குடல் டோர்சல், உண்மையான நரம்பு நாண் வயித்துப்பக்கம், வென்ரறல், அவிச்ச றாலின்ர வயித்துப்பக்கத்தைப் பிளந்து வடிவாத் தேடினா வெள்ளையா மெல்லிசாத் தெரியும். எங்களுக்கு மறுவளம், முண்ணாண் முதுகில, குடல் முன்னுக்கு. 1822 இல ஜெஃப்ருவா செயின்ற் ஹிலேர் எண்ட பிரெஞ்சுக்காரர் சிங்கி றாலை வெட்டிப் பாத்திட்டு, இதைக் கவிட்டுப் போட்டா எங்கட அடுக்குத்தானே எண்டு சொன்னவர், கனபேர் சிரிச்சவை. 1990கள்ல மரபணு வேலை செய்த ஆக்கள் பாத்தா, பூச்சியில முதுகு வயிறு பிரிக்கிற மரபணுக்களும் முதுகெலும்பு விலங்குகளில அதே வேலை செய்யிறதும் சொந்தக்காரர், திசைதான் மாறி நிக்குது.

திருக்கையும் நாக்கு மீனும் ரெண்டும் தட்டை, ஒண்டெண்டு நினைச்சு ஏமாறாதேங்கோ. திருக்கை மேலயும் கீழயுமா நசிஞ்ச தட்டை, கடல் நிலத்தில கிடக்கேக்க மேல பாக்கிறது அதின்ர முதுகு, வாயும் செவுளும் வயித்துப்பக்கம். நாக்கு மீன் குஞ்சா இருக்கேக்க சாதாரண மீன் மாதிரி நேரா நீந்தும், வளர வளர ஒரு கண் மற்றப் பக்கம் இடம்பெயர்ந்து போய், பேந்து ஒரு பக்கமாச் சரிஞ்சு படுத்திடும். நாக்கு மீனில ரெண்டு கண்ணும் இடப்பக்கம், நிலத்தில படுறது வலப்பக்கம். அப்ப மேல பாக்கிற மண்ணிறப் பக்கத்துக்கு டோர்சல் எண்டு எழுதினா பிழை, அது இடது லற்றறல். புவியீர்ப்பைப் பாத்துப் பேர் வைக்கிறதில்லை.

செடிகொடியை ரெண்டு வசனத்தில சொல்லிப்போட்டு விடுறன். இலையின்ர தண்டுப் பக்கம் பாத்த முகம் அடாக்சியல், மறுபக்கம் அபாக்சியல், வாழையிலையில சோறு போடுறது அடாக்சியல் முகத்தில, தடிச்ச நடுநரம்பு புடைச்சு நிக்கிறது அபாக்சியலில. நுனி ஏபிக்கல், அடி பேசல். ஆனா இந்த அடி எண்ட சொல்லை மனிசரின்ர இதயத்துக்கு எடுத்துக்கொண்டு போகாதேங்கோ, இதயத்தின்ர பேஸ் கீழ இல்லை, பின்னுக்கு முதுகுப் பக்கம் பாத்தது, கூர் முனைதான் கீழ இடப்பக்கம்.

கடைசி, படம் பாக்கிறது. நெஞ்சு எக்ஸ்றேயை லைற்றில போட்டா நோயாளி உங்களுக்கு முன்னால முகம் பாத்து நிக்கிறார் எண்டு நினைக்க வேணும், அவற்ற வலது உங்கட இடக்கைப் பக்கம், திருப்பிப் போடாம இருக்கத்தான் மூலையில எல் அல்லது ஆர் எண்ட ஈய எழுத்து வைக்கிறது, முதல்ல அந்த எழுத்தைத் தேடுங்கோ, பேந்து இதயத்தைப் பாருங்கோ. சி.ரி. ஸ்கான் துண்டு துண்டா வாறது, அறக்குளாத் துண்டு மாதிரி, ஆள் மல்லாக்கக் கிடக்க நீங்கள் கால்மாட்டில நிண்டு மேலுக்குப் பாக்கிறியள் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. ஈரல் படத்தின்ர இடப்பக்கம் தெரிஞ்சா சரியாத்தான் பாக்கிறியள். 2008 இல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒப்பரேசன் செக்லிஸ்ற்றில வெட்ட முதல் உடம்பில இடத்தை அடையாளம் வச்சதோ எண்டு கேக்கிற கேள்வியே இருக்கு, அனுபவசாலியளுக்கும் வலது இடது பிழைக்கும் எண்டதாலதானே.

பயிற்சிக்கு என்ன செய்யிறதெண்டா, உங்கட உடம்பில ஒரு தழும்பைத் தேடுங்கோ. எனக்கு முள்ளுக்கம்பி கீறினது ஒண்டு இருக்கு. ஒரு வசனம் எழுதுங்கோ, பக்கம், எலும்பு, முன்னோ பின்னோ, எதில இருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை எண்டு. பேந்து அதை ஃபிரெண்ட் ஒருத்தரிட்டக் குடுத்து, தழும்பைக் காட்டாம, அவற்ற கையில பேனையால புள்ளி வைக்கச் சொல்லுங்கோ. நான் முதல் எழுதினது "வல முன்னங்கை, மணிக்கட்டுக்கு நாலு விரல்கடை புறொக்சிமல், மீடியல் ஓரம்". அவன் சின்னி விரல் பக்கம் சரியா வந்து, நாலு விரல்கடையும் சரியா அளந்து, உள்ளங்கைப் பக்கமாப் புள்ளி வச்சான். என்ர தழும்பு புறங்கைப் பக்கம். போஸ்ரீரியர் எண்ட ஒரு சொல்லை நான் எழுதேல்லை.